ஒரு வீடு வித்தா ஒரு ஸ்லாப்

இல்லாத வீட்டை இருக்கிற மாதிரி காட்டணும், இருக்கிற கவலையை இல்லாத மாதிரி காட்டணும். பம்பாய்ல வீடு விக்கிற வேலைன்னா இம்புட்டுதான். என் பேரு செல்வி. தாராவியில பொறந்தேன், சுனாபட்டியில வாடகைக்கு இருக்கேன், செம்பூர்ல அடுத்தவங்களுக்குச் சொந்த வீடு விக்கேன். சிரிக்காதீங்க. உங்கள்ல எத்தனை பேரு ஞாயித்துக்கிழமை நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டு, சாம்பிள் ஃப்ளாட்டைச் சுத்திப் பாத்து, ஓசிக் காப்பி குடிச்சிட்டு, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்"னு ஓடியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் காப்பியை ஊத்திக் குடுத்த பொம்பளை நான்தான். நீங்களும் பாவம், நானும் பாவம். வாங்க, உக்காந்து பேசுவோம்.

சோபாவில் ஒரு செக்ரட்டரி

செம்பூர்ல மூணு மாடிப் பழைய கட்டிடம் ஒண்ணு, இருபத்துநாலு குடும்பம். அதை இடிச்சுட்டு டவர் கட்டணும். பழைய ஆளுங்க இருபத்துநாலு பேருக்கும் காசு வாங்காம புது வீடு குடுக்கணும். அதுக்கு மேல கட்டுற நாப்பது வீட்டை நாங்க வெளியாளுக்கு விக்கணும், அந்தக் காசுலதான் மொத்த டவரும் எழும்பணும். ஒரு வீடு வித்தா ஒரு ஸ்லாப் போடலாம்னு வெச்சுக்கிடுங்க. விக்கலைன்னா கம்பியெல்லாம் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். எங்க டவரு எட்டாவது மாடியில அப்படித்தான் நின்னுச்சு. பக்கத்துத் தெருவுலயே நாலு டவரு விக்காம கெடக்கு, பேங்க் வட்டி ஏறிக்கெடக்கு, யாரு வருவா? வர்ற ஒண்ணு ரெண்டு பேரும், "கட்டி முடிங்க, வாங்குதோம்"ங்காங்க. எங்க பில்டர் சேட்டு, "வாங்கச் சொல்லு, கட்டி முடிக்கேன்"ங்காரு. நடுவுல நின்னு நான் காப்பி ஊத்துதேன்.

அந்தப் பழைய கட்டிடத்துக் குடியிருப்பு சொசைட்டியோட செக்ரட்டரி சேஷன் சார். பாலக்காட்டுக்காரரு, ஆபீஸ் உத்தியோகம் பாத்து ரிட்டையர் ஆனவரு. ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, "முப்பத்தாறே மாசம், திரும்பி வந்துடலாம்"னு சொல்லி இருபத்துமூணு பேருகிட்ட கையெழுத்து வாங்கினது அவருதான். இப்போ ஆறாவது வருஷம். எல்லாரும் ஆளுக்கொரு மூலையில வாடகைக்கு இருக்காங்க. சார் விக்ரோலியில. தெனமும் பதினோரு மணிக்கு பஸ் புடிச்சு வந்து, எங்க சேல்ஸ் ஆபீஸ் சோபாவுல உக்காந்து, "இன்னிக்கு எத்தனை போச்சு?"னு கேப்பாரு. ஒண்ணும் போகலைன்னா காப்பியைக் குறை சொல்லுவாரு. உண்மையைச் சொல்லணும்னா, முதல் ஒரு வருஷம் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாத்தான் வந்துச்சு.

ஒரு நாளு பொறுக்க மாட்டாம, "சார், எங்க காப்பி புடிக்கலைன்னா கிங்ஸ் சர்க்கிள்ல நல்ல பொடியா வாங்கிட்டு வாங்க, நான் போட்டுத் தாரேன்"னு சொல்லிட்டேன். மனுசன் முகம் செத்துப்போச்சு. முன்னெல்லாம் சனிக்கிழமைன்னா கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருதான் அவருக்கு. காப்பிப் பொடி, நேந்திரங்காய் வறுவல், வாழை இலைன்னு பையை நெறைச்சுக்கிட்டு வருவாராம். பழைய கட்டிடத்து ஆளுங்களும் எங்கெங்கேயோ இருந்தாலும் சாமான் வாங்க இன்னும் அங்கதான் வருதாங்க. அவரு மட்டும் போய் நாலு வருஷம் ஆச்சு. ஏன் சார்னு கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"அங்க போனா யாராவது ஒருத்தர் எதிர்ல வருவா. 'எப்போ சார்?'னு கேப்பா. கேக்காம சிரிச்சுண்டு போயிட்டா அது இன்னும் கஷ்டம்மா."

காலைக் கழற்றும் கட்டில்

சாம்பிள் ஃப்ளாட் ரகசியம் ஒண்ணு சொல்லுதேன், சேட்டுகிட்ட சொல்லிராதீங்க. அங்க போட்டிருக்கிற கட்டிலு நிசக் கட்டிலு இல்ல. அஞ்சரை அடியில தனியா ஆர்டர் குடுத்துச் செய்யுறது. சோபாவும் குட்டை, பீரோவுல ஹேங்கரே குறுக்க நிக்காது. கதவு ஒண்ணுகூட இருக்காது, கதவு இல்லேன்னா ரூமு பெருசா தெரியும். எட்டு வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. எல்லாரும், "அடேயப்பா, கட்டிலு போட்டும் எம்புட்டு எடம் இருக்கு!"ன்னு வாயப் பொளந்துட்டுப் போவாங்க.

காதர் பாய் வர்ற வரைக்கும். மேலப்பாளையத்துக்காரரு, தாராவியில தோல் பை தைக்கிற பட்டறை வெச்சிருக்காரு. ஆளு ஆறடி. பட்டறைக்கு மேல ஒரே ரூமுல குடும்பத்தோட இருபது வருஷம் இருந்தாச்சு, இனி கொஞ்சம் காத்தோட்டமா இருக்கணும்னு வந்தாரு. எங்க அப்பா அம்மா ஊருப் பேச்சைக் கேட்டதும் எனக்கும் உற்சாகம் வந்து, மூச்சு விடாம ஜன்னலு, லிஃப்டு, மாடித் தோட்டம்னு அளந்துக்கிட்டே போறேன். மனுசன் காதுல எதுவும் ஏறல. தோல் வெட்டுற ஆளு, கண்ணே அளவுகோலு. கட்டில் பக்கம் குனிஞ்சு, தலைமாட்டுலேருந்து கால்மாட்டு வரைக்கும் சாண் சாணா அளந்தாரு. நிமிந்து தன்னை ஒரு தடவை பாத்துக்கிட்டாரு. நான் ஃபேனைப் பாத்தேன்.

"தங்கச்சி, வீடு நல்லாருக்கு. ராத்திரி படுக்கும்போது காலைக் கழத்தி எங்க வைக்கதுன்னு மட்டும் சொல்லிருங்க."

ஞாயிறுதோறும் இருவர்

தினேஷ், பிரியான்னு ஒரு புதுசா கல்யாணமான ஜோடி. பாதி தமிழு, மீதி இந்தி. வரிசையா அஞ்சு ஞாயித்துக்கிழமை வந்தாங்க. விலையும் கேக்கல, மாசம் எவ்வளவு கட்டணும்னும் கேக்கல. நேரா சாம்பிள் ஃப்ளாட் பால்கனிக்குப் போய், ரெண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கிட்டு, கொறஞ்சது ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருப்பாங்க. நமக்குத் தெரியாதா? ஒரே ரூமுல ஏழு பேரு இருக்கிற வீட்டுலேருந்து வர்ற முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட ரூமுலதான் குடித்தனம் ஆரம்பிச்சேன். அதனால ரெண்டு காப்பியை உள்ள அனுப்பிட்டு நான் பாட்டுக்கு இருந்துருவேன்.

அஞ்சாவது வாரம் ஒரு வேடிக்கை நடந்துச்சு. நிசமாவே வாங்குற யோசனையில ஒரு மராட்டிக்காரரு வந்தாரு. பால்கனியில இதுகளைப் பாத்ததும் அவருக்கு ஒரு பதட்டம் வந்துட்டு. "யே லோக் லே ரஹே ஹை க்யா?"ன்னு, இவங்கதான் வாங்கப் போறாங்களான்னு, என் காதுல கேட்டாரு. யாரும் இல்லாத கடையில யாரும் நுழைய மாட்டாங்க, அது உலக வழக்கம். சோபாவுல இருந்த சேஷன் சார் இதையெல்லாம் பேப்பருக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்கு அப்போ அதோட அர்த்தம் புரியல. கிளம்பும்போது பிரியா தயங்கித் தயங்கி என்கிட்ட வந்தா.

"ஆன்ட்டி, எங்களால வாங்க முடியாதுன்னு உங்களுக்கும் தெரியும். இந்த வீட்டுக்குக் கதவு மட்டும் எப்ப போடுவீங்க?"

திரும்பி வருகிறவர்களின் முகம்

அந்த வாரமே சேட்டு வந்து எடுத்த எடுப்புல சொல்லிட்டாரு: தீபாவளிக்குள்ள அஞ்சு புக்கிங். இல்லேன்னா கிரேனைக் கழட்டி தானேயில இருக்கிற சைட்டுக்கு அனுப்பிருவாராம். கிரேன் ஒரு தடவை போச்சுன்னா போனதுதான், திரும்பி வந்த கதை இந்த ஊர்ல கிடையாது. சேஷன் சார் சோபாவுலதான் இருந்தாரு. காப்பியைக்கூட குறை சொல்லல. குடையை எடுத்துக்கிட்டு வெளிய போய், அந்தக் கிரேனை ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு.

அடுத்த ஞாயிறு காலையில பத்து மணிக்குக் கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு கூட்டமே உள்ள வருது. பட்டுப்புடவை என்ன, இஸ்திரி போட்ட சட்டை என்ன, கையில ஃபைல் என்ன! பாத்தா, பழைய கட்டிடத்து ஆளுங்க பதினோரு பேரு. சார் நாலு வருஷத்துல முதல் தடவையா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கூப்பிட்டிருக்காரு. கடை நெறைஞ்சிருந்தா வாங்குறவன் வருவான்னு அந்தப் பால்கனி ஜோடியைப் பாத்துக் கத்துக்கிட்டாராம். சார் என்னைப் பாத்து, முன்ன பின்ன தெரியாத ஆளு மாதிரி, "ஏம்மா, இங்க தண்ணி சௌகரியமெல்லாம் எப்படி?"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமா கேக்காரு. ஒரு மாமா விலையைக் கேட்டுட்டு, பழக்க தோஷத்துல நிசமாவே பேரம் பேச ஆரம்பிச்சுட்டாரு. சாரோட சம்சாரம் அலமேலு மாமி, டப்பாவைத் தொறந்து வந்தவங்க எல்லாருக்கும் முறுக்கு குடுத்துக்கிட்டு வர்றாங்க. வீடு பாக்க வந்த எந்த கஸ்டமர் முறுக்கு குடுப்பாரு? "மாமி, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, ஞாபகம் வெச்சுக்கிடுங்க"ன்னு கெஞ்சினேன்.

இது பித்தலாட்டம்தானேன்னு கேப்பீங்க. ஆமா, பித்தலாட்டம்தான். எனக்கும் உறுத்தத்தான் செஞ்சுது. ஆனா பத்து நிமிஷத்துல அவங்க நடிப்பையே மறந்துட்டாங்க. யாரு பையனுக்குக் கல்யாணம் ஆச்சு, யாருக்கு சுகர் ஏறியிருக்கு, யாரு கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டான்னு ஒரே பேச்சு, ஆபீஸ் கல்யாண வீடா ஆயிட்டு. சாரை ஒருத்தரும் 'எப்போ'ன்னு கேக்கல. ஒரு அம்மா தன் கையில இருந்த ஃபைலால அவருக்கு விசிறி விட்டாங்க. நான் காப்பி மிஷின் பக்கம் திரும்பிட்டேன். ஞாயித்துக்கிழமை தவறாம வந்தாங்க. ஒரு மாசத்துல ரெண்டு வீடு போச்சு. இன்னும் மூணு. கொஞ்சம் நல்லா நடிங்க மாமின்னு சொன்னதுக்கு மாமி சொன்னாங்க:

"நாங்க என்ன பண்றது? வாங்கறவா மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோன்னு சொன்னா, எல்லாருக்கும் திரும்பி வர்றவா மூஞ்சிதான் வரது."

அடுப்பு மேடை வரை வெயில்

தீபாவளிக்கு ஒரே வாரம். ஞாயித்துக்கிழமை. காதர் பாய் மறுபடியும் வந்தாரு. கட்டிலைக் கண்டுபிடிச்ச ஆளு, இனி வரமாட்டாருன்னு நெனச்சிருந்தேன். கூட்டத்தைப் பாத்துட்டு சோபாவுல எடம் தேடி, மாமி பக்கத்துல உக்காந்தாரு. நான் நாலாவது மாடி வரைக்கும் பழைய ஆளுங்களுக்கு, அதுக்கு மேல எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுங்கன்னு பிளானை விரிச்சேன். அவ்வளவுதான், மாமிக்கு வாய் நிக்கல.

"கிழக்குப் பக்கம் எடுத்துக்கோங்கோ பாய். காலம்பற ஏழரைக்கு வெயில் உள்ள வந்து அடுப்பு மேடை வரைக்கும் நிக்கும். பால் பொங்கறதே வெயில்லதான். மேற்கு வேண்டாம், மழைக்காலத்துல சுவத்துல ஓதம் ஏறும்."

பாய் மாமியைத் திரும்பிப் பாத்தாரு. "நீங்களும் வீடு பாக்க வந்தவ்வதானம்மா? இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக்குள்ள வெயில் எதுவரைக்கும் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செத்தேன்டா சாமின்னு நெனச்சேன். பதினோரு பேரும் தரையைப் பாக்காங்க. மாமிதான் பேசினாங்க, ஒண்ணு விடாம. முப்பத்தோரு வருஷம் இதே எடத்துல முதல் மாடியில இருந்தது, செக்ரட்டரியா சார் கையெழுத்து வாங்கினது, ஆறு வருஷம் ஆனது, தீபாவளிக்குள்ள அஞ்சு வித்தாகணும்னு இருக்கிறது, கூட்டம் காட்ட வந்து உக்காந்திருக்கிறது, முறுக்கு உள்பட. சேஷன் சார் கண்ணை மூடிக்கிட்டாரு. கிரேன் போயிட்டுன்னு அவரு அப்பவே முடிவு பண்ணியிருப்பாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பாய் குரலை எறக்கி, என்னைப் பாக்காம சாரைப் பாத்துக் கேட்டாரு. "நீங்க உண்மையச் சொல்லிட்டிய, நானும் ஒண்ணு கேட்டுருதேன். ரெண்டு சொசைட்டியில வீடெல்லாம் பாத்து முடிச்சு, எம் பேரைக் கேட்டதும் எல்லாம் வித்துப்போச்சுன்னுட்டாவ. நாளைக்கு நீங்க வந்து இங்க செக்ரட்டரியா உக்காருவிய. எங்க ஆளுகளை உள்ள விடுவியளா?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அப்புறம் சொன்னாரு: "நாங்களே ஆறு வருஷமா வெளியில நிக்கறோம் பாய். உள்ள வரவாளை நாங்க எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"

பாய் சட்டைப்பையிலேருந்து பேனாவை எடுத்தாரு.

"இத்தன பேரு ஆறு வருசமா திரும்பி வரணும்னு தவங்கெடக்காவன்னா, அது நல்ல எடமாத்தான் இருக்கும். எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க தங்கச்சி. கட்டிலு நான் வெளிய வாங்கிக்கிடுதேன்."

காப்பிப் பொடி

ரெண்டு நாள்ல பாயோட மச்சான் வந்து பக்கத்து வீட்டையே எடுத்தாரு. கடைசி அஞ்சாவது இருக்கே, அதுக்காக நாங்க பட்ட பாட்டுக்கு, துபாய்லேருந்து முகம் தெரியாத ஒருத்தரு போன்ல பேசி, சாம்பிள் ஃப்ளாட்டைக்கூட பாக்காம பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாரு. கிரேன் தானேக்குப் போகாம இங்கேயே நின்னுச்சு. அதுக்கப்புறமும் தண்ணிக் கனெக்ஷன், லிஃப்ட் சர்டிபிகேட்னு ரெண்டு வருஷம் இழுத்துச்சு. சாவி குடுத்த அன்னைக்கு சேஷன் சார் இருபத்துமூணு சாவியையும் ஒவ்வொருத்தர் கையில வெச்சு, ஒவ்வொருத்தரா லிஃப்ட்ல ஏத்தி அனுப்பிட்டு, கடைசியிலதான் தன் சாவியை எடுத்தாரு. நான் அழுதேன். இதுல என்ன வெக்கம்.

அதுக்கடுத்த திங்கக்கிழமை காலையில மாமி என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டாங்க. நாலாவது மாடி, அதே கிழக்குப் பக்கம். அடுப்படியில ஒரு ஸ்டூலு போட்டு உக்கார வெச்சாங்க. சார் வந்து மேடை மேல ஒரு பொட்டலத்தை வெச்சாரு. கிங்ஸ் சர்க்கிள் காப்பிப் பொடி, ஒரு கிலோ. சனிக்கிழமை போயிருக்காரு. நாலு பேரு எதிர்ல வந்தாங்களாம், எப்போன்னு யாரும் கேக்கல, "என்ன சார், வறுவல் வாங்கலையா?"ன்னுதான் கேட்டாங்களாம். சொல்லும்போது அவருக்கு வாயெல்லாம் பல்லு. ஒரு கிலோவைக் குடிச்சு முடிக்க எத்தனை மாசம் ஆகும்னு மாமி திட்டிக்கிட்டே பாலை வெச்சாங்க.

ஏழரைக்கு வெயிலு வந்துச்சு. மாமி சொன்ன மாதிரியே அடுப்பு மேடை வரைக்கும், என் மடியிலயும் கொஞ்சம். எட்டிப் பாத்தேன். எதிர்ல பழைய கட்டிடம் ஒண்ணை இடிச்சுட்டு, ஒரு டவரு மூணாவது மாடியோட நிக்குது. மார்க்கெட் மந்தம், விக்கல. அது நிக்கிறதாலதான் மாமிக்கு வெயிலு. அது எழும்பிட்டா இந்த அடுப்படியில காலையிலயே லைட்டைப் போடணும். மாமி அதை எனக்கு முந்தியே கவனிச்சிருக்காங்க. காப்பியை ஆத்திக்கிட்டே சொன்னாங்க:

"பாவம், அங்கேயும் இருபது முப்பது குடும்பம் எங்கேயோ வாடகைக்கு இருக்கும். அவா ஆத்துக்கு அவா வரட்டும், வெயில் போனா போயிட்டுப் போறது."

ஆக மொத்தம், எங்க சேட்டே இப்போ கையில எடுத்திருக்கிற அந்த எதிர் டவரை வித்து மாமியோட வெயிலை மறைக்கிறதுதான் அடுத்த மாசத்துலேருந்து எனக்குச் சம்பளம் தர்ற வேலை, அதுக்கு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு யார் யாரு வந்து சோபாவுல உக்காரணும்னு சேஷன் சார் இப்பவே லிஸ்ட் போட்டு வெச்சிருக்காரு.